மர மில் ஓடாத நாள்

வீட்டோடு இருப்பதற்காக ஒருத்தி வீட்டை விட்டுப் போனாள் என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும். வேனக்கா அப்படித்தான் போனாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முழுசாக ஆறு மாதம்.

ஒன்பது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். பிள்ளைகள் வைத்த பெயர் வேனக்கா. கடைசியில் பிள்ளைகளைப் பெற்றவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள், அவளை விடப் பத்து வயது மூத்தவர்கள் உட்பட. புருஷன் பால் டிப்போவில் லாரி ஓட்டினார். தெருவுக்கு அவர் பால்காரர். பதினேழு வருடமாக ஒரே வழி. விடியும்போது டிப்போவை விட்டுக் கிளம்பி, நகரத்தின் தெற்குப் பக்கம் பதினோரு கடைக்குப் பால் பெட்டிகளை இறக்கிவிட்டு, மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவர் உட்காருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கலாம். கட்டிக் கொடுத்து வேறு ஊருக்குப் போய்விட்ட மகள்கூட, போன் பண்ணுவதென்றால் ஒன்றரைக்குத்தான் பண்ணுவாள்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு நாள் காலை பத்து மணிக்கே வந்து நின்றார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"எந்தச் சாவியை?"

"லாரிச் சாவியைத்தான். கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு. ரெண்டு மாசமா."

டாக்டரிடம் போனார்கள். அவர் ஒவ்வொரு கண்ணிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்து, நரம்பு வாடிக்கொண்டு வருகிறது, கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லை, ஆபரேஷனும் கிடையாது, இருக்கிறவரைக்கும் இருக்கும் என்றார். இருக்கிறவரைக்கும் இருக்கும்! இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா? பால்காரர் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல் "நன்றிங்க டாக்டர்" என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார். கதவு என்று நினைத்துப் பீரோவின் கைப்பிடியைப் பிடித்தார். வேனக்கா அந்தக் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டிப்போவுக்குப் போனாள். அங்கே சூப்பர்வைசர் ஒருவர். ஃபைலை அக்குளிலிருந்து எடுக்காமலே குளிப்பாரோ என்று சந்தேகம் வரும், அப்படிப்பட்ட ஆள்.

"அந்த ரூட்டை எனக்குக் குடுங்க சார்."

"வேன் ஓட்டறது வேற, இது வேறம்மா. லைசென்ஸ் இருக்கா?"

இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெரிய பஸ் வாங்கப் போகிறோம் என்று சொல்லி அவளைக் கனரக லைசென்ஸ் எடுக்க வைத்திருந்தார்கள். லைசென்ஸ் வந்தது, பஸ்தான் வரவேயில்லை.

"லைசென்ஸ் மட்டும் போதாதும்மா. லாரியில ஆறு மாசம் ஓட்டின அனுபவம் வேணும், கம்பெனி லெட்டரோட. அது இல்லாம உங்கள எடுத்தா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க. ஒண்ணு பண்றேன். ஆறு மாசத்துக்குத் தற்காலிகமா ஒரு ஆளைப் போட்டுக்கறேன். லெட்டரோட வாங்க, ரூட் டெஸ்ட் வெச்சுப் பார்ப்போம். ஒரு நாள் தள்ளிப் போனாலும் அப்புறம் என் கையில இல்ல."

விஷயம் இவ்வளவுதான். அந்த வேலை கிடைத்தால் தினமும் ஒரு மணிக்கு அவர் பக்கத்தில் இருக்கலாம். கிடைக்காவிட்டால், வேன் சம்பளத்தை மட்டும் நம்பி இரண்டு பேர் காலம் தள்ள முடியாது. தூர லாரியே கதி என்று கிடக்க வேண்டும். நாளுக்கு நாள் இருட்டிக்கொண்டு வரும் வீட்டில் அந்த மனுஷன் தனியாகச் சுவரைத் தடவிக்கொண்டிருப்பார். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தூர லாரிக் கம்பெனி ஒன்று புது ஆட்களை ஆறு மாத ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டிருந்தது. சேர்ந்துவிட்டாள். பக்கத்துத் தெருவிலிருந்த நாத்தனார் அண்ணனுக்குச் சமைத்துப் போடுவதாக ஏற்றுக்கொண்டாள், கூடவே ஒரு பாட்டம் வசையும் பாடினாள். தெருவும் சும்மா இருக்கவில்லை. புருஷன் கண் போனதும் பெண்டாட்டி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டாள் என்றது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வேனக்கா இரண்டையும் மூடாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்தக் கம்பெனியில் புது டிரைவரைத் தனியே விடமாட்டார்கள். ஒரு லாரிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டினால் மற்றவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் பலகையில் படுத்துத் தூங்க வேண்டும். அவளுக்கு வாய்த்த ஜோடி பெருசு. பெயர்தான் பெருசு, வயது இருபத்தெட்டு. பேசினால் தொண்ணூறு வயதுக்காரன் பேசுகிற மாதிரி இருக்கும், அதனால் வந்த பெயர். அனுபவத்தில் அவன்தான் சீனியர், அவள் கற்றுக்குட்டி. ஆனால் அவன் "அக்கா" என்பான், அவள் "தம்பி" என்பாள். யார் யாரை அதட்டுவது என்று இருவருக்கும் கடைசிவரை புரியவில்லை.

"அக்கா, கியரைப் பிடுங்காதீங்க. அது என்ன கிழங்கா?"

"தம்பி, நீ குறட்டைய நிறுத்து, நான் கியரை மெதுவா போடறேன்."

அந்த லாரியில் ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டி முடித்தவர், அடுத்தவரை எழுப்புவதற்கு முன்னால், சீட்டையும் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் அடுத்தவருக்குத் தகுந்தபடி மாற்றி வைத்துவிட வேண்டும். பெருசு ஆறடி, வேனக்கா ஐந்துக்கும் கொஞ்சம்தான் மேல். சீட்டை முன்னால் தள்ளி, ஒரு தலையணையை முதுகுக்கு வைத்து, கண்ணாடியைத் தாழ்த்திவிட்டுத்தான் அவன் "அக்கா, மணி ஆச்சு" என்பான். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் எல்லாம் அவளுக்காகவே செய்து வைத்தது போல் இருக்கும். அவளும் அவனுக்கு அப்படியே செய்து வைப்பாள். பாதி நாள் இருவரும் விழித்த முகத்தோடு பார்த்துக்கொண்டதுகூடக் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு காரியத்திலேயே அவன் மேல் அவளுக்குச் சொந்தத் தம்பி மாதிரி பாசம் வந்துவிட்டது.

நெடுஞ்சாலை சீக்கிரமே வசப்பட்டது. ரிவர்ஸ்தான் உயிரை வாங்கியது. கிடங்குகளில் லாரியைப் பின்னால் எடுத்து மேடையோடு ஒட்டி நிறுத்த வேண்டும். முதல் மாதம் அவள் ஒரு தூணை இடித்தாள், ஒரு தண்ணீர்த் தொட்டியை இடித்தாள், யாருடைய சைக்கிளையோ சப்பையாக்கினாள். கிடங்கு ஆட்கள் பின்னால் நின்று "வா வா வா, இன்னும் வா" என்று கத்துவார்கள். அதைக் கேட்டுத்தான் இடிப்பாள்.

"கத்தறவனை நம்பாதீங்கக்கா," என்றான் பெருசு. "அவன் டீ குடிக்கற ஞாபகத்துல கத்துவான். கண்ணாடியை நம்புங்க. இடது, வலது, இடது, வலது. ரெண்டுலயும் தெரியறதை மட்டும் நம்புங்க."

அன்று முதல் எங்கே ரிவர்ஸ் வந்தாலும் அவன் இறங்கிப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவான். கேட்டால், "நான் இல்லைன்னு நெனச்சுக்கோங்க" என்பான். கொஞ்சம் திமிர்தான். ஆனால் மூன்றாம் மாதத்தில் அவள் எதையும் இடிக்கவில்லை.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கேயாவது டீக்கு நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் பால்காரருக்குப் போன் போடுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா எல்லாம் முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொள்வார். "சரி, நோட்டை எடு" என்பார். நாளுக்கு ஒரு துண்டாக, தன் பால் ரூட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ரூட் டெஸ்டில் அவள் ஒரு இடத்தில்கூடத் திணறக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு பிடிவாதம். நகரத்தின் தெற்குப் பக்கத்தில் அவளுக்குச் சொந்தமும் கிடையாது, வேலையும் கிடையாது. அந்தத் தெருக்களை அவள் பார்த்ததேயில்லை.

"டிப்போ கேட்டைத் தாண்டினதும் ஒரு இரும்புத் தட்டு, டடக்குன்னும். பத்து எண்ணு. இடது பக்கம் திரும்பு. அப்புறம் ரெண்டு வேகத்தடை. ரெண்டாவதுல பால் பெட்டியெல்லாம் கலகலன்னு ஒரு தடவை சிரிக்கும். சிரிச்சு முடிஞ்சதும் வலது."

"சிரிக்குமா! அப்புறம்?"

"சோப்புக் கம்பெனி வாசனை வரும். வந்தா நாலாவது கடை. அதைத் தாண்டி நேரா போனா இடது காதுல மர மில் சத்தம் கேக்கும். பல்லு கூசும். அந்தச் சத்தம் காதுக்குப் பின்னாடி போற நேரத்துல இடது. அஞ்சாவது கடை."

"ஒரு கடை போர்டாவது சொல்லுங்களேன். மத்தவங்க எல்லாம் அப்படித்தான வழி சொல்றாங்க?"

"போர்டை மாத்திடுவாங்க. சத்தத்தை மாத்த முடியுமா?" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வாள். பெருசு டீயை உறிஞ்சிக்கொண்டு எட்டிப் பார்ப்பான். "இது வழியா, இல்ல பாட்டா?" என்று கேட்பான்.

எட்டாவது கடை வந்தபோது மட்டும் அவர் கொஞ்சம் நிறுத்தினார்.

"எட்டாவதுக்கு முன்னாடி மெதுவா போ."

"என்ன அடையாளம்?"

"அடையாளம் ஒண்ணும் இல்ல. மெதுவா போ, அவ்ளோதான்."

ஆறு மாதத்தில் இரண்டு தடவைதான் வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவையும் துணியும் சமையலுமாகவே ஓடிப்போயிற்று. இரண்டாவது தடவை வந்தபோது அவருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிந்தது. அவள் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, "கறுத்துட்டியா?" என்று கேட்டார். "அட்டக்கரி" என்றாள். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஆறு மாதம் முடிந்தது. கம்பெனி லெட்டர் கைக்கு வந்தது. பெருசு அந்த முதுகுத் தலையணையைப் பையில் திணித்துக் கொடுத்து, "அக்கா, எங்க போனாலும் கண்ணாடியை நம்புங்க" என்றான். "இனிமே யாருக்குச் சீட்டைத் தள்ளி வைப்பேன்?" என்று அவள் கேட்டதற்கு, அந்த வாயாடி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கெடு முடிகிற நாளில் ரூட் டெஸ்ட். பின்னால் காலிப் பெட்டிகள், பக்கத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசர். வேனக்கா தலையணையை முதுகுக்கு வைத்து, கண்ணாடிகளைச் சரி செய்து, ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டாள்.

டடக். பத்து எண்ணினாள். இடது. இரண்டாவது வேகத்தடையில் பெட்டிகள் சிரித்தன, அவளுக்கும் சிரிப்பு வந்தது. வலது. முதல் கடை, இரண்டாவது, மூன்றாவது. சோப்பு வாசனை வந்தது, நாலாவது கடை வாசலில் கோடு போட்டது போல் நிறுத்தினாள்.

"ரூட்டை முன்னாடியே ஓட்டிப் பார்த்துட்டீங்களா?" என்றார் சூப்பர்வைசர்.

"இல்ல சார். வீட்டுல சொல்லிக் குடுத்தாங்க." சொல்லும்போதே பெருமை தாங்கவில்லை.

நேரே போனாள். இடது காதைத் தீட்டி வைத்துக்கொண்டு போனாள். மர மில் சத்தம் வரும், இதோ வரும் என்று போனாள். ஒரு நாய் குரைத்தது, எங்கேயோ பாத்திரம் உருண்டது, மில் சத்தம் மட்டும் வரவில்லை. தெரு ஒடுங்கிக்கொண்டே போய், கடைசியில் லாரியின் மூக்குக்கு முன்னால் ஒரு மொட்டைச் சுவர் வந்து நின்றது.

சூப்பர்வைசர் ஃபைலில் ஏதோ கிறுக்கினார்.

"மர மில் எங்க சார்?"

"தாண்டி வந்துட்டோமே. இன்னைக்கு அது ஏதோ ரிப்பேராம், ஓடல. அதுக்கென்ன, எதிர்ல அவ்ளோ பெரிய பூங்கொடி இருக்கே, மாடியிலேர்ந்து தெருவரைக்கும். எல்லாரும் அதைத்தான அடையாளம் சொல்லுவாங்க? அவரு சொல்லலையா?"

வேனக்கா நோட்டுப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மனசுக்குள் புரட்டினாள். டடக். கலகல. வாசனை. மேடு ஏறினால் இன்ஜின் மூச்சு வாங்கும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லுவார்கள். பதினோரு கடைக்கான வழியிலும் ஒரு நிறம் இல்லை, ஒரு போர்டு இல்லை, ஒரு பூ இல்லை. ரெண்டு மாசமா மங்கல் என்றாரே, பாவி மனுஷன். ரெண்டு மாதத்தில் யாருக்கும் ஒரு வழி முழுக்கக் காதால் மனப்பாடம் ஆகாது.

லாரி நடுத்தெருவில் நிற்கிறது, இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள், பின்னால் ஒரு நீளத் தெரு. அழுவதற்கு அது இடமில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டாள். ஒரு வீட்டிலிருந்து யாரோ ஓடி வந்து, "வாங்க வாங்க, இன்னும் வாங்க" என்று கத்த ஆரம்பித்தார். அவள் அந்தக் குரலைக் காதில் வாங்கவில்லை. இடது, வலது. இடது, வலது. ஒரு ஸ்கூட்டரும் உரசாமல், ஒரு பூந்தொட்டியும் சாயாமல், லாரியை இருநூறு அடி பின்னால் கொண்டுவந்து மர மில் வாசலில் நிறுத்தினாள். எதிர் வீட்டு மாடியிலிருந்து ஊதாப் பூக்கொடி தெருவரைக்கும் கொட்டிக் கிடந்தது. கண்ணுள்ள யாருக்கும் முதலில் தெரிவது அதுதான்.

சூப்பர்வைசர் அவள் பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரும் ஜன்னலை ஏத்தவே மாட்டாரு," என்றார் மெதுவாக. "மழை பெய்ஞ்சாலும் நனைஞ்சுக்கிட்டே ஓட்டுவாரு. காத்து வேணும் போலன்னு நெனச்சேன்."

அவள் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் கவனிச்சிருக்கணும்," என்றார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். "வழி ஒரு வாரத்துல வந்துடும்மா, அது பெரிய விஷயமில்ல. இப்ப எடுத்தீங்களே, அந்த ரிவர்ஸ், அது எல்லாருக்கும் வராது. மீதிய முடிங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், இனிமே பார்த்து ஓட்டுங்க. கேட்டு ஓட்ட வேணாம்."

மீதியை அவள் பார்த்தே ஓட்டினாள். எட்டாவது கடைக்கு முன்னால் தெருவின் குறுக்கே மாடிக்கு மாடி கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தார்கள். ஒரு பெரிய மஞ்சள் போர்வை சாலைப் பக்கமாகச் சரிந்து காற்றில் ஆடியது. மெதுவாகப் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பால்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"கிடைச்சுதா?"

"நாளையிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

அந்த முகம் அப்படியே மலர்ந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம்தான் பொங்கியது.

"மர மில்லுக்கு எதிர்ல என்ன இருக்கு?"

மலர்ந்த முகம் அப்படியே நின்றுபோயிற்று.

"கேக்கறேன்ல, என்ன இருக்கு? சொல்லுங்க!"

"...தெரியாது."

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்." குரல் உள்ளே போய்விட்டது. "மொதல்ல ஓரம்தான் மங்கிச்சு. நடுவுல தெரிஞ்சுது. சரியாயிடும், சரியாயிடும்னு... ஒரு மணிக்கு வந்து உன்கூட உட்கார்ந்து சாப்பிடறது போயிடுமேன்னு பயம்."

"நாலு பேர் நடமாடற ரோடுங்க அது! பள்ளிக்கூடம் இருக்கு! யார் வீட்டுப் பிள்ளையாவது குறுக்க வந்திருந்தா? நான் ஒன்பது வருஷம் பிள்ளைங்கள ஏத்தி இறக்கினவ. எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"தப்புதான். ரொம்பப் பெரிய தப்பு." அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அடி வாங்கத் தயாரானவர் போல் உட்கார்ந்திருந்தார். அவளுக்குத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம் எதுக்கு அன்னைக்குச் சாவியைக் குடுத்தீங்க? யாரும் கேக்கலையே."

அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"எட்டாவதுக்கு முன்னாடி துணி காயுதா இப்பவும்?"

"காயுது. மஞ்சள் போர்வை ஒண்ணு."

"அன்னைக்கும் என்னமோ ஒண்ணு மஞ்சளா ஆடிச்சு. ஆள்னு நெனச்சுப் பிரேக்கை மிதிச்சேன். பெட்டியெல்லாம் சரிஞ்சு பால் ரோட்டுல ஓடிச்சு. இறங்கித் தொட்டுப் பார்த்தா, வெறும் துணி." எச்சிலை விழுங்கிக்கொண்டார். "இன்னைக்குத் துணியை ஆள்னு நெனச்சோம், நாளைக்கு ஆளைத் துணின்னு நெனச்சுட்டா? அங்கேயே கை கால் ஆடிப் போச்சு. நேரா டிப்போவுக்குப் போய்ச் சாவியை வெச்சுட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுவும் யாரோ ஒரு ஆள்னு நெனக்கல," என்றார். "நீன்னு நெனச்சேன். விஷயம் தெரிஞ்சு, என்னை நிறுத்தறதுக்கு நீயே வந்து ரோட்டு நடுவுல நிக்கறேன்னு."

வேனக்கா திட்ட நினைத்ததெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. நகர்ந்து போய் அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். அவர் கை தடவிக்கொண்டே வந்து, தேடி, அவள் தலை உச்சியில் நின்றது.

"அந்த மில்லுக்கு எதிர்ல," என்று கேட்டார், "என்னதான் இருக்கு?"

"பூங்கொடிங்க. மாடியிலேர்ந்து தெருவரைக்கும். ஊதாக் கலர்."

"அப்படியா! பதினேழு வருஷம் போனேன். முன்னாடி அங்க வெறும் சுவர்தான் இருந்துச்சு."

"எல்லாக் கடையும் சொல்றேன். தினமும் பார்த்துட்டு வந்து சொல்றேன்." எழுந்து, அவர் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "வாங்க. மணி ஒண்ணு ஆச்சு, சாப்பிடலாம்."